சுருங்கிய வெட்டு, பெருகிய எண்ணிக்கை: பெண் கருத்தடை அறுவைச் சிகிச்சையின் இருநூறு ஆண்டுகள்

இந்தியாவில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட மணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கருக்குழாயை அடைக்கும் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு தரும் எண் 37.9 விழுக்காடு. தமிழ்நாட்டில் அது 57.8. ஆந்திரப் பிரதேசத்தில் ஏறத்தாழ 70. அதே கணக்கெடுப்பில், கணவனின் வாசக்டமியை, அதாவது ஆண் கருத்தடை அறுவையை, நம்பியிருக்கும் தம்பதிகள் இந்திய அளவில் 0.3 விழுக்காடு மட்டுமே. மாத்திரை, காப்பர் டி, ஆணுறை என எத்தனை வழிகள் வந்தபோதும் நம் நாட்டில் குடும்பக் கட்டுப்பாடு என்றால் பெண்ணின் அடிவயிற்றில் செய்யும் ஆபரேஷன் என்றே பொருள் நிலைத்துவிட்டது.

இந்தச் சிகிச்சைக்கு இருநூறு ஆண்டு வரலாறு உண்டு. அதை மருத்துவ நூல்கள் முன்னேற்றத்தின் கதையாகவே சொல்கின்றன: வயிற்றை நீளமாகக் கிழித்த காலம் போய் ஒரு சென்டிமீட்டர் துளை வந்தது, பத்து நாள் படுக்கை போய் அன்றே வீடு திரும்பும் நிலை வந்தது. அது உண்மைதான். ஆனால் அந்த வரலாற்றைப் பெண்ணின் பக்கமிருந்து படித்தால் இன்னொரு கோடும் தெரிகிறது. வெட்டு சிறுக்கச் சிறுக்க, ஒரே நாளில் எத்தனை பேருக்குச் செய்யலாம் என்ற எண்ணிக்கை பெருகியது. அவளிடம் பேசுவதற்கான நேரம் குறைந்தது. இந்த இரண்டு கோடுகளையும் சேர்த்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

உயிர் காக்கப் பிறந்த யோசனை

கருப்பையின் இருபுறமும் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் நீளத்தில் மெல்லிய குழாய்கள் நீள்வதை இத்தாலியின் பதுவா நகர உடற்கூற்றியல் பேராசிரியர் கப்ரியேலே ஃபல்லோப்பியோ 1561இல் வெளியான நூலில் தெளிவாக விவரித்தார். இன்றும் அவை அவர் பெயராலேயே அறியப்படுகின்றன. ஆனால் அக்குழாயை அடைத்துக் கருவைத் தடுக்கலாம் என்ற எண்ணம் வர இன்னும் இரண்டரை நூற்றாண்டு ஆனது.

அதைச் சொன்னவர் லண்டன் மகப்பேறு மருத்துவர் ஜேம்ஸ் பிளண்டெல். மனிதருக்கு மனித இரத்தம் ஏற்றும் முறையின் முன்னோடியும் இவர்தான். ரிக்கெட்ஸ் நோயால் இடுப்பெலும்பு குறுகிய பெண்கள் அன்றைய ஐரோப்பிய நகரங்களில் ஏராளம். அவர்களால் இயல்பாகப் பிள்ளை பெற முடியாது. சிசேரியன் செய்தால் பெரும்பாலும் தாய் பிழைப்பதில்லை. அப்படிப் பிழைத்த ஒருத்தி மறுபடியும் கருவுற்றால் அதே மரண வாசலுக்குத்தான் திரும்ப வேண்டும். சிசேரியனுக்காக வயிற்றைத் திறக்கும்போதே கருக்குழாய்களின் ஒரு சிறு பகுதியை வெட்டி எடுத்துவிட்டால் என்ன என்று 1823இல் பிளண்டெல் கேட்டார். கார்ல் எர்ன்ஸ்ட் ஃபான் பேயர் பாலூட்டியின் கருமுட்டையை நுண்ணோக்கியில் கண்டது 1827இல். முட்டையையே யாரும் பார்த்திராத காலத்தில் அதன் பாதையை அடைக்கும் திட்டம் உருவாகிவிட்டது.

திட்டம் செயலாக மேலும் 57 ஆண்டுகள் பிடித்தன. மயக்க மருந்தும் கிருமி நீக்கமும் இல்லாத காலத்தில் வயிற்றுக்குள் கூடுதலாக ஒரு விநாடி கை வைப்பதும் ஆபத்து. 1880இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலம் டொலீடோவில் சாமுவேல் லங்கிரென் என்ற மருத்துவர் ஒரே பெண்ணுக்கு இரண்டாவது முறை சிசேரியன் செய்ய நேர்ந்தபோது, இரு கருக்குழாய்களையும் பட்டு நூலால் கட்டினார். பதிவான முதல் கருக்குழாய்க் கட்டு இது. இதற்குச் சற்று முன் 1876இல் இத்தாலியின் எடுவார்டோ போர்ரோ, இரத்தப்போக்கையும் சீழையும் தவிர்க்க, சிசேரியனோடு கருப்பையையே அகற்றும் முறையைக் கொண்டுவந்திருந்தார். 1882இல் மாக்ஸ் சேங்கர் கருப்பையை ஒழுங்காகத் தைக்கும் முறையை நிறுவிய பிறகு, கருப்பையை விட்டுவைத்துக் குழாயை மட்டும் அடைப்பது பொருளுள்ள தேர்வானது.

தொடக்கத்தில் இந்தச் சிகிச்சைக்கு மக்கள்தொகையோடு எந்த உறவும் இல்லை. படுக்கையில் கிடக்கும் ஒருத்தியின் உயிரைக் காப்பதே குறி. இன்று தமிழக மருத்துவமனைகளில் இரண்டாவது சிசேரியனோடு சேர்த்துச் செய்யப்படும் கருத்தடை, முறையளவில் பிளண்டெல் சொன்னதுதான். மாறியது அதைச் செய்யும் காரணம்.

முடிச்சுகளின் காலம்

லங்கிரென் செய்ததுபோல் நூலால் கட்டுவது மட்டும் போதாது என்பது விரைவில் தெரிந்தது. கட்டிய இடத்தில் குழாய் மறுபடியும் திறந்துகொண்டது, பெண்கள் கருவுற்றார்கள். உடலுக்குத் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் திறன் உண்டு. அந்தத் திறனைத் தோற்கடிப்பதே அடுத்த அரை நூற்றாண்டின் முயற்சி. குழாயின் ஒரு துண்டை வெட்டியெடுப்பது, முனையைத் திருப்பிப் புதைப்பது, முழுக்குழாயையும் அகற்றுவது எனப் பல வழிகள் வந்தன.

ஜெர்மனியின் மாக்ஸ் மாட்லெனர் 1910 முதல் ஒரு முறையைக் கையாண்டு 1919இல் வெளியிட்டார். குழாயை வளையமாகத் தூக்கி, அடிப்பகுதியை இடுக்கியால் நசுக்கி, கரையாத நூலால் கட்டுவது அது. வெட்டே இல்லை என்பதால் எளிது. ஆனால் நூல் கரையாததால் நசுங்கிய முனைகள் அருகருகே நின்றன. இடையில் வழி உண்டாகிக் கரு தரித்தவர்கள் மற்ற முறைகளைவிட அதிகம்.

நியூயார்க்கின் புரூக்ளினில் பணியாற்றிய ரால்ஃப் பொமராய் இதற்கு நேரெதிராகச் சிந்தித்தார். குழாயை வளையமாகத் தூக்குவார். எளிதில் கரையும் கேட்கட் நூலால் தளராமல் கட்டுவார். கட்டுக்கு மேலிருக்கும் வளையத்தை வெட்டியெடுப்பார். சில நாளில் நூல் கரைந்துபோகும். வெட்டுண்ட இரு முனைகளும் தனித்தனியே ஆறி, ஒன்றைவிட்டு ஒன்று விலகிவிடும். நூல் நிலைக்காததுதான் இம்முறையின் பலம். பொமராய் 1925இல் காலமானார். உடன் பணியாற்றிய பிஷப், நெல்ம்ஸ் இருவரும் 1930இல் இம்முறையை வெளியிட்டார்கள். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழிந்த பின்னும், பிரசவத்தையொட்டிச் செய்யும் கருத்தடையில் நம் அரசு மருத்துவமனைகளில் கற்பிக்கப்படும் அடிப்படை முறை இதுதான்.

இன்னும் உறுதியாக அடைக்க நினைத்தவர்களும் உண்டு. பாஸ்டனின் ஃப்ரெடெரிக் இர்விங் 1924இல், வெட்டிய குழாயின் உள்முனையைக் கருப்பைச் சுவரிலேயே புதைத்துத் தைக்கும் முறையைச் சொன்னார். ஜப்பானின் ஹாஜிமே உச்சிதா, உப்புநீரைச் செலுத்திக் குழாயின் மேலுறையைப் பிரித்து, உள்ளிருக்கும் குழாயை நீளமாக வெட்டி, முனையை உறைக்குள் மறைத்துத் தைத்தார். தாம் செய்த 20,000க்கும் மேற்பட்ட சிகிச்சைகளில் ஒன்றுகூடத் தவறவில்லை என எழுதினார். இவை உறுதியானவை, ஆனால் நேரமும் கைத்தேர்ச்சியும் கேட்பவை. பொமராய் முறையை ஓர் இளம் மருத்துவர் சில நாளில் கற்றுக்கொள்ளலாம். பெருமளவில் செய்ய வேண்டிய நிலை வந்தபோது எளிய முறைதான் வென்றது.

அரசு கையில் எடுத்த கத்தி

எளிதாகிப்போன சிகிச்சையை முதலில் பெருமளவில் பயன்படுத்தியவை, தகுதியற்றோர் பிள்ளை பெறக்கூடாது என்ற இனமேம்பாட்டுக் கொள்கையை ஏற்ற அரசுகள். அமெரிக்காவின் இண்டியானா மாநிலம் 1907இல் கட்டாயக் கருத்தடைச் சட்டம் இயற்றியது. 1927இல் வர்ஜீனியாவின் கேரி பக் என்ற பெண்ணின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அத்தகைய சட்டம் செல்லும் என்றது. அதே ஆண்டு அக்டோபரில் அவருக்குக் கருக்குழாய் அறுவை நடந்தது. அவருடைய தங்கைக்கும் செய்தார்கள். குடல்வால் அறுவை என்று சொல்லி. பிள்ளை இல்லையே என்று ஆண்டுக்கணக்கில் ஏங்கிய அந்தப் பெண்ணுக்கு உண்மை தெரிந்தது முதுமையில்தான். அமெரிக்கா முழுவதும் இத்தகைய சட்டங்களால் 60,000க்கும் மேற்பட்டோர் கருத்தடைக்கு ஆளானார்கள்.

ஜெர்மனியில் 1933 ஜூலையில் இயற்றிய சட்டத்தின்படி நாஜி ஆட்சி ஏறத்தாழ 4 இலட்சம் பேருக்குக் கட்டாயக் கருத்தடை செய்தது. பாதிப்பேர் ஆண்கள், பாதிப்பேர் பெண்கள். ஆனால் அறுவையால் இறந்த சில ஆயிரம் பேரில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். ஆணுக்கு விதைப்பையில் சிறு கீறல். பெண்ணுக்கு வயிற்றைத் திறக்க வேண்டும். இரு பாலருக்குமான சிகிச்சைகள் ஆபத்தில் சமமல்ல என்பதற்கு வரலாறு தந்த கொடிய சான்று இது. ஆஷ்விட்ஸ் முகாமில் கார்ல் கிளவ்பெர்க் என்ற மருத்துவர் இன்னொரு வழியைத் தேடினார்: வயிற்றைத் திறக்காமல், கருப்பை வழியாக எரிச்சலூட்டும் இரசாயனத்தைச் செலுத்திக் குழாயை அடைப்பது. ஒரே நாளில் நூற்றுக்கணக்கான பெண்களுக்குச் செய்துவிட வேண்டும் என்பதே அவருடைய இலக்கு. வேகமும் எளிமையும் யாருக்காக என்ற கேள்வி அங்கே அப்பட்டமாக நிற்கிறது.

நாஜிகள் வீழ்ந்த பிறகும் இது நிற்கவில்லை. மக்களாட்சி நாடான சுவீடனில் 1935 முதல் 1975 வரை ஏறத்தாழ 63,000 பேர். அவர்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் பெண்கள். ஜப்பானில் 1948 முதல் 1996 வரை நடப்பிலிருந்த சட்டத்தால் ஏறத்தாழ 25,000 பேர். அந்தச் சட்டம் அரசியல் சாசனத்துக்கு எதிரானது என ஜப்பான் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2024 ஜூலையில்தான். பெருவில் 1990களின் பின்பாதியில், ஆல்பெர்டோ ஃபூஜிமோரி ஆட்சியில், ஏறத்தாழ 2.7 இலட்சம் பெண்களுக்கு அறுவை நடந்தது. பலர் கெச்சுவா மொழி பேசும் ஏழை மலைவாழ் பெண்கள்.

இதே காலத்தில் எதிர்ப்பக்க அநீதியும் இருந்தது. அமெரிக்க மருத்துவமனைகள் 1970 வரை ஒரு கணக்கு வைத்திருந்தன: பெண்ணின் வயதைப் பிள்ளைகளின் எண்ணிக்கையால் பெருக்கி 120 வந்தால்தான் கருத்தடை. முப்பது வயதுக்காரிக்கு நான்கு பிள்ளைகள் இருக்க வேண்டும். தானே விரும்பிக் கேட்ட நடுத்தர வெள்ளையினப் பெண்ணுக்கு இப்படி மறுப்பு. தென்மாநிலக் கறுப்பினப் பெண்ணுக்கோ கேட்காமலே செய்தார்கள். குடிமை உரிமைப் போராளி ஃபேனி லூ ஹேமர் 1961இல் வேறொரு சிகிச்சைக்காக மிசிசிப்பி மருத்துவமனைக்குப் போனபோது, அவர் சம்மதமின்றிக் கருப்பையையே எடுத்துவிட்டார்கள். மறுப்பதும் திணிப்பதும் ஒரே மனப்பான்மையின் இரு முகங்கள்: முடிவெடுப்பவள் அவளல்ல.

லேப்ராஸ்கோப் வந்தது

வயிற்றைத் திறக்காமல் துளை வழியே உள்ளே பார்க்கும் முயற்சிகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே உண்டு. சுவிட்சர்லாந்தின் பாஷ் 1936இல் லேப்ராஸ்கோப் வழியாகக் கருக்குழாயை மின்சாரத்தால் தீய்த்தார். ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்கீழ் இருந்த பாரிஸில் ராவுல் பால்மர் இந்தக் கருவியை மகளிர் மருத்துவத்துக்கு ஏற்றபடி வளர்த்தெடுத்தார். இங்கிலாந்தின் ஓல்டம் நகரில் பேட்ரிக் ஸ்டெப்டோ 1967இல் எழுதிய நூலுக்குப் பிறகே ஆங்கிலம் பேசும் நாடுகளில் இது பரவியது. அதே ஸ்டெப்டோ, அதே கருவியால், கருக்குழாய் அடைபட்ட ஒரு பெண்ணின் கருமுட்டையை எடுத்துக்கொடுக்க, ராபர்ட் எட்வர்ட்ஸ் ஆய்வகத்தில் அதைக் கருவாக்க, 1978இல் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. குழாயை அடைக்கப் பரவிய கருவியே அடைபட்ட குழாயைத் தாண்டிப் பிள்ளை பெறவும் வழி திறந்தது.

மின்சாரத்தால் தீய்க்கும்போது பொறி அருகிலிருக்கும் குடலைச் சுட்டுவிடும் ஆபத்து இருந்தது. அப்படிச் சில மரணங்களும் நேர்ந்தன. மின்சாரம் இடுக்கியின் இரு முனைகளுக்கிடையே மட்டும் பாயும்படி கனடாவின் ஜாக் ரியூ 1970களில் ஒரு தீர்வு தந்தார். மின்சாரமே வேண்டாம் என்றவர்கள் வேறு கருவிகளைச் செய்தார்கள். அமெரிக்காவின் யாரோஸ்லாவ் ஹுல்கா கவ்விப் பிடிக்கும் கிளிப்பை உருவாக்கினார். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த இன்பே யூன், குழாயை வளையமாக இழுத்து அதன்மேல் மாட்டும் சிலிக்கோன் வளையத்தை 1974இல் அறிமுகப்படுத்தினார். பிரிட்டனின் மார்கஸ் ஃபில்ஷி, சிலிக்கோன் பதித்த டைட்டானியம் கிளிப்பைத் தந்தார். இந்திய முகாம்களில் பரவலாகப் புழங்கியது யூனின் வளையம்தான்: மின்சாரம் வேண்டாம், சில நிமிடம் போதும்.

விலையுயர்ந்த கருவியே இல்லாத வழியும் ஆசியாவில் உருவானது. தாய்லாந்தின் விதூன் ஒசதானந்த் 1974இல் வெளியிட்ட மினிலேப் முறையில், கருப்பையைக் கீழிருந்து உயர்த்திப் பிடித்துக்கொண்டு, அடிவயிற்றில் மூன்று சென்டிமீட்டர் அளவுக்கு மட்டும் கீறி, இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து அறுவையை முடிக்கலாம். பிரசவமான ஓரிரு நாளில் கருப்பை தொப்புளளவுக்கு உயர்ந்திருப்பதால், தொப்புளுக்குக் கீழே சிறு கீறலே போதும்.

வெட்டே இல்லாமல்

கருப்பை வாய் வழியாகவே போய்க் குழாயை அடைக்கும் கனவு பழையது. 1849இலேயே ஜெர்மனியில் ஃப்ரோரீப், வெள்ளி நைட்ரேட் தடவி அடைக்கலாம் என்றார். 1970களில் சிலியின் ஹைமே சிப்பர், மலேரியா மருந்தான குயினக்ரினைக் கருப்பைக்குள் வைத்தால் குழாயின் வாயில் தழும்பு உண்டாகி அடைபடும் எனக் கண்டார். வியட்நாமில் 31,781 பெண்களிடம் நடந்த சோதனையின் முடிவு 1993இல் லான்செட் இதழில் வெளியானது. நீண்டகாலப் பாதுகாப்பு உறுதியாகும் முன்பே அது இந்தியாவிலும் புழக்கத்துக்கு வந்துவிட்டது. மகளிர் அமைப்புகளும் பொதுச் சுகாதார அறிஞர்களும் உச்ச நீதிமன்றம் போனார்கள். 1998இல் இந்தியா அதைத் தடை செய்தது.

பணக்கார நாடுகளின் பெண்களும் சோதனைக்குத் தப்பவில்லை. நிக்கல்-டைட்டானியச் சுருளைக் குழாய்க்குள் செருகும் எஷ்யூருக்கு 2002இல் அமெரிக்க அரசு ஒப்புதல் தந்தது. கீறலே இல்லை, மயக்கமே வேண்டாம் என்ற விளம்பரத்தை நம்பிப் பல இலட்சம் பெண்கள் போனார்கள். தீராத வலி, இரத்தப்போக்கு, சுருள் குழாயைத் துளைத்து வெளியேறுதல் எனப் புகார்கள் குவிந்தன. சமூக ஊடகத்தில் ஒன்றுதிரண்ட பெண்களே பிரச்சினையை வெளிக்கொண்டு வந்தார்கள். 2018 இறுதியில் அதை விற்றுவந்த பேயர் நிறுவனம் விற்பனையை நிறுத்தியது. 2020இல் ஏறத்தாழ 39,000 பேரின் வழக்குகளை முடிக்க 160 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது.

இந்திய வழி

1952இல் அரசுத் திட்டமாகவே குடும்பக் கட்டுப்பாட்டை ஏற்ற முதல் நாடு இந்தியா. அறுவை செய்துகொள்பவருக்குப் பணம் தரும் வழக்கத்தை 1950களின் பின்பாதியில் தொடங்கிவைத்தது சென்னை மாநிலம். அன்றைய தலைமைச் செயலாளர் ஆர். ஏ. கோபாலசாமி அதன் பின்னணியில் இருந்தவர். அக்காலத்தில் முதன்மை ஆணுக்குத்தான். 1971 ஜூலையில் கேரளத்தின் எர்ணாகுளத்தில் ஒரே முகாமில் 63,418 ஆண்களுக்கு வாசக்டமி நடந்தது.

நெருக்கடி நிலை எல்லாவற்றையும் மாற்றியது. 1976-77இல் 82 இலட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகள் நடந்தன. 62 இலட்சம் வாசக்டமி. வட இந்திய ஆண்கள் வாக்குச்சாவடியில் பதில் சொன்னார்கள். அடுத்த ஆண்டு மொத்த எண்ணிக்கை பத்து இலட்சத்துக்கும் கீழே விழுந்தது. அதில் ஐந்தில் நான்கு பெண்களுடையது. ஆணைத் தொட்டால் ஆட்சி போகும் என்ற பாடத்தை அரசியல்வாதிகள் கற்றார்கள். இலக்குகள் நீடித்தன, இலக்குக்கான உடல் மாறியது. சரியாக அந்த நேரத்தில் லேப்ராஸ்கோப்பும் சிலிக்கோன் வளையமும் கைக்கு வந்தன. மும்பையின் பி. வி. மேத்தா என்ற ஒரே மருத்துவர் தாம் செய்த 2,50,136 லேப்ராஸ்கோப் கருத்தடைகளைப் பற்றி 1989இல் பிரிட்டனின் மகப்பேறு, மகளிர் மருத்துவ இதழில் கட்டுரை எழுதினார். தனிமனிதத் திறமைக்கு அது சாதனை. ஒரு நாட்டின் சுகாதாரக் கொள்கைக்கு அது எச்சரிக்கை.

அந்த எச்சரிக்கை பின்னர் பலித்தது. 2012 ஜனவரியில் பீகாரின் அராரியா மாவட்டத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில், டார்ச் வெளிச்சத்தில், இரண்டு மணி நேரத்தில் 53 பெண்களுக்கு அறுவை நடந்தது. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே, கைவிடப்பட்ட மருத்துவமனைக் கட்டடத்தில், ஒரே மருத்துவர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்குச் செய்தார்; 13 பேர் இறந்தார்கள். ஒரு குழு ஒரு நாளில் 30 பேருக்கு மேல் செய்யக்கூடாது என்ற விதி அப்போதே இருந்தது. அதே காலத்தில் ஒடிசாவில் ஒரு முகாமில் பெண்களின் வயிற்றுக்குள் காற்றுச் செலுத்த சைக்கிள் பம்பைப் பயன்படுத்திய செய்தி வெளியானது. அராரியா சம்பவத்தை முன்வைத்து தேவிகா பிஸ்வாஸ் தொடுத்த வழக்கில் 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், முகாம்களை மூன்றாண்டுக்குள் நிறுத்தும்படி உத்தரவிட்டது.

தமிழ்நாட்டின் கதை இதிலிருந்து வேறுபட்டது. ஏறத்தாழ எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில் நடக்கும் மாநிலம் இது. ஆகவே இங்கே கருத்தடையும் பெரும்பாலும் பிரசவத்தோடோ சிசேரியனோடோ, பயிற்சியுள்ள கைகளால் நடக்கிறது. முறைவாரியான இலக்குகளை மற்ற மாநிலங்களுக்கு முன்பே, 1995இல், கைவிட்டதும் தமிழ்நாடும் கேரளமும்தான். பாதுகாப்பில் இது பெரிய முன்னேற்றம். ஆனால் “ரெண்டு பிள்ளை ஆச்சே, ஆபரேஷன் பண்ணிக்கிறியாம்மா?” என்ற கேள்வி வலியில் துடிக்கும் நேரத்தில் வந்தால் அதற்குக் கிடைக்கும் பதிலை எந்த அளவுக்குச் சம்மதம் என்று சொல்வது? 1992இல் தொடங்கிய பெண் குழந்தைப் பாதுகாப்புத் திட்டத்தில் வைப்புத்தொகை பெறப் பெற்றோரில் ஒருவர் கருத்தடை செய்திருக்க வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதை வாசக்டமி எண்ணிக்கை சொல்லிவிடுகிறது.

இலங்கையிலும் அரசு 1980களில் அறுவைக்குப் பணம் கொடுத்தது. மலையகத் தோட்டங்களில், ‘எல்.ஆர்.டி.’ என அழைக்கப்படும் இந்தச் சிகிச்சையின் விகிதம் நாட்டின் மற்றப் பகுதிகளைவிட மிக அதிகமாக இருந்தது. மாத்திரையோ ஊசியோ சொல்லப்படாமல் இது மட்டுமே முன்வைக்கப்பட்டதா என்ற கேள்வியை மலையகத் தமிழ்ப் பெண்களின் செயற்பாட்டாளர்கள் தொடர்ந்து எழுப்பிவருகிறார்கள்.

எவ்வளவு உறுதி, எவ்வளவு நிரந்தரம்?

அறுவை செய்தால் பிறகு கவலையே இல்லை என்ற நம்பிக்கையை அமெரிக்காவின் ‘கிரெஸ்ட்’ ஆய்வு 1996இல் திருத்தியது. 10,685 பெண்களை நெடுங்காலம் தொடர்ந்து பார்த்ததில், பத்தாண்டுக்குள் ஆயிரத்துக்கு 18.5 பேர் கருவுற்றார்கள். பிரசவத்தையொட்டிக் குழாயை வெட்டியவர்களில் இது 7.5. வளையம் போட்டவர்களில் 17.7. ஹுல்கா கிளிப் போட்டவர்களில் 36.5. பழைய முடிச்சு புதிய கருவிகளைவிட உறுதியாக நின்றது. தவறிப்போன கருக்களில் மூன்றில் ஒரு பங்கு கருக்குழாய் போன்ற தவறான இடத்தில் தங்கி உயிருக்கே ஆபத்தானவை. அறுவை செய்தவருக்கு மாதவிலக்கு தள்ளிப்போய் வயிற்றுவலி வந்தால் காத்திருக்கக்கூடாது என்று மருத்துவர்கள் வலியுறுத்துவது இதனால்தான்.

சிகிச்சை தவறிப் பிறந்த குழந்தையை வளர்க்க இழப்பீடு கேட்ட வழக்குகள் இந்தியாவிலும் உண்டு. ஹரியானாவில் ஒரு பக்கக் குழாயை மட்டும் அடைத்து அனுப்பிய வழக்கில் 2000இல் உச்ச நீதிமன்றம் அரசைப் பொறுப்பாக்கியது. சிகிச்சை தவறியது என்பதாலேயே மருத்துவர் அலட்சியம் காட்டினார் என்றாகிவிடாது என 2005இல் பஞ்சாப் வழக்கில் அதே நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆகவே நூறு விழுக்காடு உறுதி இல்லை என்பதைச் சம்மதப் படிவத்தில் எழுதினால் போதாது; வாயால் சொல்ல வேண்டும்.

வருத்தத்துக்கும் கணக்கு உண்டு. அதே கிரெஸ்ட் ஆய்வில், முப்பது வயதுக்குள் செய்துகொண்டவர்களில் ஐந்தில் ஒருவர் பதினான்கு ஆண்டுக்குள் வருந்தியதாகச் சொன்னார்கள். அதற்குப் பிந்தைய வயதில் செய்தவர்களில் 6 விழுக்காடுதான். இந்தியப் பெண்கள் இந்தச் சிகிச்சையைச் செய்துகொள்ளும் இடைநிலை வயது சுமார் 26. மறுமணம், குழந்தையின் இறப்பு, வாழ்க்கை மாற்றம் எல்லாவற்றுக்கும் இன்னும் இடமிருக்கும் வயதில் நம் பெண்கள் நிரந்தர முடிவை எடுக்கிறார்கள்.

அதன் விலையைத் தமிழகக் கடற்கரை 2004 டிசம்பரில் கண்டது. ஆழிப்பேரலையில் பிள்ளைகளைப் பறிகொடுத்த மீனவக் குடும்பங்களில் பல தாய்மார்கள் ஏற்கெனவே கருத்தடை செய்துகொண்டவர்கள். குழாயை மீண்டும் இணைக்கும் நுண் அறுவைச் சிகிச்சைக்குத் தமிழக அரசு செலவேற்றது. சிலருக்கு அது பலித்தது; பலருக்குப் பலிக்கவில்லை. வெட்டியெடுத்த குழாயின் நீளத்தைப் பொறுத்தது அது. வளையமோ கிளிப்போ போட்டிருந்தால் வாய்ப்பு அதிகம். நீளமாக வெட்டியிருந்தால் குறைவு.

இன்றைய திருப்பம்

கடந்த பதினைந்து ஆண்டுகளில் ஒரு புதிய காரணம் சேர்ந்திருக்கிறது. சினைப்பைப் புற்றுநோய் என நாம் அழைக்கும் நோயின் மிகக் கொடிய வகை, பல நேரம் சினைப்பையில் தொடங்குவதில்லை. கருக்குழாயின் விரல் போன்ற நுனியில் தொடங்குகிறது எனத் தெரியவந்தது. எப்படியும் அடைக்கப் போகும் குழாயை முழுவதுமாகவே எடுத்துவிட்டால் அந்தப் புற்றுநோயின் வாய்ப்பு குறையும் என்று 2010இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மருத்துவர்கள் ஒரு திட்டம் தொடங்கினார்கள். 2015இல் அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரியும் இதைப் பெண்களோடு பேசித் தீர்மானிக்கலாம் என்றது. கருத்தடை உறுதியும் கூடுகிறது. ஆனால் குழாயே இல்லாதபோது மீண்டும் இணைக்கும் பேச்சுக்கே இடமில்லை. பிள்ளை வேண்டுமென்றால் சோதனைக்குழாய் முறை ஒன்றே வழி. 26 வயதில் முடிவெடுக்கும் நாட்டில் இதை அப்படியே இறக்குமதி செய்வது சரியல்ல.

முடிவாக

இருநூறு ஆண்டில் இந்தச் சிகிச்சை அடைந்த முன்னேற்றத்தைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஆறாவது, ஏழாவது பிரசவத்தில் செத்துப்போன பாட்டிமார் நம் குடும்பங்களிலேயே உண்டு. அந்த மரணங்களைத் தடுத்ததில் இதற்குப் பெரும் பங்குண்டு. தன் விருப்பத்தில், விவரம் அறிந்து, பிள்ளை போதும் என்று முடிவெடுத்த பெண்ணுக்கு இது விடுதலையும்கூட. குறை சிகிச்சையில் இல்லை. அதை மட்டுமே வழியாக்கி, பெண்ணிடம் மட்டுமே கேட்டு, எண்ணிக்கையால் மட்டுமே அளந்த ஏற்பாட்டில் இருக்கிறது.

வெட்டின் நீளத்தைக் குறைக்க வேண்டிய அளவுக்கு மருத்துவம் குறைத்துவிட்டது. இனிக் கூட்ட வேண்டியது பேச்சின் நீளம். கர்ப்பகாலப் பரிசோதனைக்கு வரும்போதே, வலி தொடங்குவதற்கு வெகு முன்பாக, எல்லா வழிகளையும் சொல்லி, யோசிக்க நேரம் தந்து சம்மதம் கேட்க வேண்டும். முப்பது வயதுக்குட்பட்டவர்களுக்குக் காப்பர் டி போன்ற நெடுங்கால, ஆனால் திரும்பப் பெறக்கூடிய வழிகளை முதலில் முன்வைக்க வேண்டும். வயிற்றைத் திறக்காமல், இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, சில நிமிடத்தில் முடியும் வாசக்டமியைக் கணவனிடம் அதே அக்கறையோடு எடுத்துச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 57.8 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் ஆண்களின் எண் பூஜ்யத்தை ஒட்டி நிற்கும்வரை, நம் குடும்பநலத் திட்டம் பாதிக் குடும்பத்துக்கான திட்டமாகவே இருக்கும்.